தப்பாகத் தைத்த கொக்கி

ஜூன் 11, புதன்

ஒரு பச்சைத் துணி இன்று என்னை அதிர வைத்துவிட்டது. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், இல்லாவிட்டால் ஆத்திரம் தீராது.

எங்கள் புதன் தையல் குழு துண்டுத் துணிகளை இணைத்து க்வில்ட் போர்வை தைக்கிற குழு. இவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் கந்தல் சங்கம். வடவள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கூடுகிறோம். தெய்வானை அக்காவின் மகள் பவித்ராவுக்கு ஆவணியில் கல்யாணம். குழுவின் பரிசாக ஒரு பெரிய போர்வை கொடுப்பதாக ஏற்பாடு. சும்மா தைத்தால் என்ன சுவாரசியம்? இரண்டு வாரத்துக்கு ஒரு சவால், சவாலுக்கு ஆளுக்கொரு பன்னிரண்டு அங்குலச் சதுரம், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போர்வை. யோசனை என்னுடையது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்தவளுக்கு இதுகூட வராதா?

முதல் சவால், ஒரே நிறம். வேறு நிறம் கலக்கக் கூடாது, பூப்போட்ட துணி கூடாது. ஜெசிந்தா நீலத்தில் செய்து வந்தாள். அவள் நர்ஸ். சதுரமும் ஆஸ்பத்திரித் திரைச்சீலை மாதிரியே இருந்தது. சொன்னேன், சிரித்தாள். தெய்வானை அக்காவுடையது சிவப்பு. அக்காவின் தையலில் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவே டவுன் பஸ்ஸே போகலாம். ஆனால் மனசு தங்கம், அதனால் யாரும் குறை சொல்வதில்லை. நான் சொல்வேன்.

அக்காவின் மருமகள் மிருதுளாதான் எங்கள் குழுவிலேயே நல்ல கை. போன ஐப்பசியில் கல்யாணமாகிக் கோவில்பட்டியிலிருந்து வந்த பெண். மே மாதத்திலிருந்து குழுவுக்கு வருவதில்லை. தலைவலியாம். சதுரத்தை மட்டும் மாமியாரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். பையிலிருந்து எடுத்துப் பிரித்ததும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. பட்டு! பொங்கலுக்கு அவள் அப்பா எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டுச் சேலையை வெட்டித் தைத்திருக்கிறாள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு இந்த அறையில் என் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினாள்.

"அட சாமி! நான் பாக்கவே இல்லீங்களே டீச்சர். சுருட்டிப் பையில போட்டுக் குடுத்தா, அப்படியே கொண்டாந்துட்டனுங்க" என்றார் அக்கா. அவர் முகமும் வெளுத்துப் போயிற்று.

பச்சைத் துணி கடையில் கிடைக்காதா? தெருமுனைக் கடைக்குப் போக நேரமில்லையா? இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதன் அருமையும் தெரிவதில்லை. தையலில் மட்டும் ஒரு குறையும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 13

மிக்ஸி ஜாரின் பிளேடு போய்விட்டது. சட்னி அம்மியில்.

ஜூன் 16

இரண்டாவது சவாலுக்கு மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். இவரிடம் கேட்டால், "கிழிஞ்ச பனியன் சவால்னு வையி, என் அலமாரியிலயே வேணுங்கற அளவு இருக்குது" என்கிறார்.

மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது யோசனை வந்தது. கூரையைத் தூக்கிவிட்டு மேலேயிருந்து பார்த்தால் உங்கள் வீடு எப்படி இருக்கும்? அதைத் துணியில் செய்ய வேண்டும். சுவர், கதவு, சன்னல், கட்டில், அடுப்பு எல்லாம். ஒரே ஒரு விதி. வீட்டில் இல்லாததைத் தைக்கக் கூடாது, இருப்பதை விடக் கூடாது. உண்மையான வீடு வேண்டும். குழு வாட்ஸப்பில் போட்டுவிட்டேன். எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள், மிருதுளாவைத் தவிர. அவள் எதையும் பார்ப்பதே இல்லை. தெய்வானை அக்காவைக் கூப்பிட்டு, விதியை வார்த்தை மாறாமல் அவளிடம் சொல்லச் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஜெசிந்தாவின் வீட்டில் ஃப்ரிட்ஜ் குளியலறைக்குள் நின்றது. அளவு தப்பிப் போச்சாம். அக்கா தன் வீட்டைப் பெரிய கோலம் மாதிரி தைத்து வந்து, "உள்ள யாராவது தொலைஞ்சு போனா நான் பொறுப்பில்லீங்க" என்றார்.

மிருதுளாவின் சதுரம் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். அப்படி ஒரு வேலை. ஒரே வீட்டை மாமியாரும் தைத்திருக்கிறார், மருமகளும் தைத்திருக்கிறாள், பக்கத்தில் வைத்தால் நம்பமாட்டீர்கள். மாடிப்படிக்குக் கூடப் படி படியாக மடிப்பு. கீழே முன்னறை, அடுப்படி, பூஜை அறை. மேலே மூன்று அறைகள். ஒவ்வொரு கதவும் ஒரு சின்னப் பழுப்பு நாடா. தாழ்ப்பாளுக்கு ஜாக்கெட் கொக்கி! எல்லா அறையிலும் கொக்கி உள்பக்கம் இருக்கிறது.

மாடியில் கடைசி அறையில் மட்டும் கொக்கியை வெளிப்பக்கம் தைத்துவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிருதுளாவா? நூல் நுனி வெளியே தெரிந்தாலே பிரித்துத் தைக்கிற பெண்ணா? அதே அறைக்குள் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைப் பட்டுத் துண்டு வேறு, ஒரு மூலையில், எதற்கென்றே தெரியாமல். மீந்த துணியை எங்கேயாவது ஒட்டிவிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாதே.

விடுவேனா? சதுரத்தைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க எல்லாரும், அக்கா வீட்ல மாடி ரூமுக்குத் தாப்பா வெளிய இருக்குதாம்! உங்க மருமக யாரை உள்ள போட்டுப் பூட்டறா அக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. நகைச்சுவை அவருக்கு எப்போதும் நிதானமாகத்தான் ஏறும்.

வழக்கப்படி தப்பு இருந்த இடத்தில் ஒரு சிவப்பு நூல் ஓட்டி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனா, இங்கே சிவப்பு நூல்.

ஜூன் 26

சிவப்பு நூலோடு திருப்பி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பாவம், தலைவலிக்காரி, கல்யாணப் போர்வையில் போகிற சதுரம், நாமே சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. பிளேடால் பிரிப்பதற்குப் பெரும் பாடாகிவிட்டது. அந்த ஒரு கொக்கியை மட்டும் நூலை நாலாக மடித்து, சுற்றிச் சுற்றி இறுக்கித் தைத்திருக்கிறாள். தப்பையும் இவ்வளவு பலமாகச் செய்வார்களா?

இவர் காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஏன் பிரிக்கற? வீட்ல இல்லாததத் தைக்கக் கூடாதுன்னு நீதான விதி போட்ட?" என்றார். கந்தல் சங்கத்து விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

கொக்கி இப்போது அறைக்குள் இருக்கிறது, நேராக, அழகாக. அந்தப் பட்டுத் துண்டைப் போனால் போகட்டுமென்று விட்டுவிட்டேன்.

ஜூன் 28

தெய்வானை அக்கா முருங்கைக்காய் கொண்டுவந்தார். அவர் வீட்டு மரம், ஒவ்வொன்றும் என் கை நீளம். போன வருடம் இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த மனுஷிதான் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்தார். மறக்கக் கூடாது.

சரிசெய்த சதுரத்தை மிருதுளாவிடம் கொடுத்து ஓரம் மடித்துத் தைத்து அனுப்பச் சொன்னேன். அடுத்த சவாலையும் சொல்லிவிட்டேன். உங்கள் சன்னலிலிருந்து தெரிவது.

அக்கா அந்தச் சதுரத்தை வாங்கி, மாடி அறை இருக்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி பண்ணிப்போட்டீங்களா" என்றார். "பின்னே?" என்றேன். சந்தோஷமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

யாருடைய சன்னலும் முடியவில்லை, இரண்டு வாரம் தள்ளி வைத்தோம். மிருதுளா தொடங்கவே இல்லையாம். கையில் சுளுக்கு என்று அக்கா சொன்னார். போன மாதம் தலை, இந்த மாதம் கை. வீட்டுச் சதுரத்தையும் ஓரம் தைத்துத் தரவில்லை.

எனக்குத் தெரியாதா? தப்பைச் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்கிற பிள்ளைகளை முப்பத்தோரு வருடமாகப் பார்த்தவள் நான். நான் போய்க் கெஞ்சப் போவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோயிலில் கூழ் வாங்க நின்றபோது அக்காவைப் பார்த்தேன். இது மிருதுளாவுக்குத் தலை ஆடி ஆயிற்றே, அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அவளுக்கே போக மனசில்லீங்க டீச்சர். அப்பன்கிட்டப் பேசறதே இல்ல. அந்தாளு வந்து கூப்பிட்டதுக்கும், வரலைன்னு எங்கிட்டச் சொல்லி அனுப்பிச்சுட்டா. நாம என்ன பண்றதுங்க?"

கூழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்பாவிடமா பேசவில்லை? குழுவில் உட்கார்ந்து தைக்கும்போதே போனை ஸ்பீக்கரில் போட்டு அவரோடு வழக்கடிப்பாள். எங்கள் எல்லோருக்கும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் அனுப்பி வைத்தது அவர்தான், முத்துவேல். என் போனில்கூட அவர் எண் இருக்கிறது. தாயில்லாத பெண், அப்பாதான் உலகம்.

சரி, அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் ஆயிரம் இருக்கும். எனக்கென்ன வந்தது.

முருங்கைக்காய் சாம்பார். இவர் இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஜூலை 23, புதன்

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

இன்று சன்னல் சதுரங்கள். தெய்வானை அக்கா இரண்டு கொண்டுவந்தார். ஒன்று தன்னுடையது. இன்னொன்று, "மிருதுளாவோடதுங்க, கை சரியாயிருச்சு" என்று நீட்டினார். இரண்டிலும் மருதமலை. ஒரு மலை, உச்சியில் ஒரு கோயில், மேலே ஒரு சூரியன்.

மிருதுளா இடதுகைக்காரி. அவள் தையல் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எனக்குத் தெரியும். இது வலப்பக்கம் சாய்கிறது. தையலுக்கும் தையலுக்கும் நடுவே பஸ் போகிறது. இரண்டு மலையும் ஒரே கை.

தன் கையால் தைத்ததை எதற்காக மருமகள் தைத்தது என்று கொண்டுவர வேண்டும்? என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. நான் என்ன செய்தேன்? "நல்லா வந்திருக்குது" என்றேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பிள்ளையின் தப்பைக்கூட விட்டதில்லை. இன்று சிவப்பு நூலை எடுக்கவே கை போகவில்லை.

ஜூலை 24

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன், இப்படி இப்படி என்று. இவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பிள்ளைதான அன்னிக்குத் தாப்பாளை வெளிய வெச்சுத் தெச்சுது?" என்றார். தயிர் கேட்டார்.

என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 26, சனி

போர்வைக்குக் கட்டில் அளவு எடுக்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எத்தனையோ தடவை போயிருக்கிறேன், முன்னறையைத் தாண்டியதில்லை. மிருதுளா எங்கே என்றதற்கு, தூங்குகிறாள் என்றார். காப்பி போட உள்ளே போனார்.

பவித்ரா ஓடிவந்தாள். கல்யாணப் பெண்ணின் பூரிப்பு. "மேல வாங்க டீச்சர், முகூர்த்தச் சேலை காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அடுப்படியிலிருந்து "பவித்ரா!" என்று கூப்பிட்டதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனாலும் ஏறினேன்.

மாடிப்படி அப்படியே துணியில் இருந்த மாதிரி. திரும்பினால் மூன்று கதவுகள், துணியில் இருந்த மாதிரி. கடைசிக் கதவில், வெளிப்பக்கம், தாழ்ப்பாள். புதுசு. மற்றக் கதவுகளில் எல்லாம் உள்பக்கம் பெயின்ட் அடித்த பழைய தாழ்ப்பாள், இது மட்டும் பளபளவென்று. போட்டிருந்தது. வாசலில் ஒரு எச்சில் தட்டு, இரண்டு இட்லி தின்னாமல் கிடந்தது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பவித்ரா மெதுவாகச் சொன்னாள். "அண்ணிக்கு மைக்ரேன் டீச்சர். சத்தம் ஆகாது."

தலைவலிக்காரி உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். வெளியே யாரம்மா போடுவார்கள்? கேட்கவில்லை. அந்தப் பிள்ளை முகத்தில் ஒரு பயம் வந்ததே, அதைப் பார்த்ததும் இவளுக்கும் தெரியும் என்று புரிந்துபோயிற்று.

என்னையறியாமல் சத்தமாக, "சேலை ரொம்ப அழகா இருக்குது பவித்ரா" என்றேன். சேலையை நான் பார்க்கவே இல்லை. என் குரலைக் கேட்டதும் அந்தக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். கதவுக்கு ரொம்பப் பக்கத்தில். அப்புறம் ஒன்றுமில்லை.

கையை நீட்டினால் தாழ்ப்பாள். நான் நீட்டவில்லை. கீழே இறங்கினேன். அக்கா கொடுத்த காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டார், போதும் என்றேன். கட்டில் அளவைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் மனுஷிதானா?

அவள் தைத்தது தப்பில்லை. இருப்பதை விடக் கூடாது என்று நான் சொன்னேன், அவள் விடவில்லை. பச்சைப் பட்டுத் துண்டு மீந்த துணி இல்லை. அது அவள்தான். அதைத்தான் தூக்கிப் பிடித்து, ஊரைக் கூட்டி, அவளைப் பூட்டி வைத்தவரிடமே காட்டிச் சிரித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

யோசித்துப் பார்த்தால், இன்னும் ஐந்தாறு வாரத்தில் கல்யாணம். இப்போது நான் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்வார்கள்? பவித்ராவின் வாழ்க்கை என்னாகும்? அக்கா எனக்குச் செய்ததெல்லாம் கொஞ்சமா? வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள், அடித்தார்கள் என்றா பார்த்தேன்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமாக அக்காவிடம் பேசிப் பார்க்கலாம்.

மேலே எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். இதை எழுதினது நான்தான். வேறு யாரும் இந்த நோட்டைத் தொடுவதில்லை.

ஜூலை 28, திங்கள்

ஜெசிந்தா டியூட்டி முடிந்து வருகிற வழியில் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். நேற்று எழுதியதையும் வாயால் சொன்னேன், கல்யாணம் முடியட்டும் என்பதை. அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"டீச்சர், உள்ள உங்க மக இருந்தா?"

"என் மக புனேயில இருக்கறா."

"அது தெரியுமுங்க. அந்த ரூமுக்குள்ள இருந்தா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் விடவில்லை. "அவங்கப்பா நம்பர் உங்ககிட்ட இருக்குதல்ல? இப்பவே போடுங்க. நான் பொம்பளைங்க ஹெல்ப்லைன் 181-க்குப் போடறேன்."

முத்துவேல் போனை எடுத்ததும், "டீச்சரம்மா, நல்லாருக்கீங்களா? மிட்டாய் வேணுமா?" என்றார். எப்படியோ சொல்லி முடித்தேன். அப்புறம் குரல் உடைந்து கேட்டார்.

"எம்புள்ள எம்மேல கோவமா இருக்கான்னுல்ல சொன்னாங்க. ஆடிக்குக் கூப்பிடப் போனப்பவும் வாசல்லயே வச்சு அதத்தான் சொன்னாங்க. என்ன தப்புப் பண்ணுனோம்னு தெரியாம நான் தெனம் யோசிச்சுக்கிட்டுல்ல கெடந்தேன்."

ஜூலை 30, புதன்

இன்று குழு கூடவில்லை.

முத்துவேல் நேற்றே கிளம்பி வந்துவிட்டார். இன்று காலை மகளிர் காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர், ஒரு ஆலோசகர், அவர், ஜெசிந்தா, நான். கதவைத் திறந்த தெய்வானை அக்கா முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க டீச்சர்" என்றார். அப்புறம்தான் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். அவர் மகன் வேலைக்குப் போயிருந்தான்.

கத்துவார், சண்டை போடுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் சோபாவில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சாதாரணமாகப் பேசினார். அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பையன் ஒருக்கா கை நீட்டிப்போட்டான். இவ உடனே பொட்டியக் கட்டிட்டா. மகளுக்கு நிச்சயம் ஆயிருக்கற நேரத்துல மருமக கோவிச்சுட்டுப் போயிட்டான்னா வெளிய என்ன பேசுவாங்க? கல்யாணம் முடியட்டும்னுதானுங்க டீச்சர் வெச்சிருந்தேன். அப்புறம் எங்க வேணாலும் போகட்டும்னு. நான் என்ன கொடுமையா பண்ணினேன்? வேளாவேளைக்குச் சோறு போட்டனுங்க."

என் நோட்டில் இருக்கிற அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

மேலே தாழ்ப்பாளைத் திறந்தது முத்துவேல்தான். நான் படியிலேயே நின்றுவிட்டேன். "யப்பா" என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இறங்கி வரும்போது அவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசியது. பவித்ரா ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காகவும் எனக்கு அழத் தோன்றியது, என்ன செய்ய.

கல்யாணம் நடக்குமா நடக்காதா தெரியாது. காவல் நிலையத்தில் எழுதி வாங்கி முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஊருக்கு நாளைக்குத்தான் வண்டி. இன்று என் வீட்டில் தங்கட்டும் என்று கூட்டி வந்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

அவர்கள் கிளம்பிவிட்டார்கள். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

காலையில் இவரும் முத்துவேலும் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் தோசை ஊற்றினேன். மிருதுளா அடுப்படியில் என் பக்கத்திலேயே நின்றாள். மூன்று தோசை தின்றாள். அப்புறம் தன் துணிப்பையிலிருந்து அந்தச் சதுரத்தை எடுத்தாள். வீடு. ஓரம் தைக்காமல், மடித்து மடித்து நைந்து போயிருந்தது.

"நீங்க சொல்லிக் காட்டுன அன்னிக்கே அத்தை ஊசிப்பெட்டியப் பிடுங்கிட்டாங்க டீச்சர். ஆனா ரெண்டு மூணு நா கழிச்சு இத மட்டும் உள்ள தூக்கிப் போட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பிரிச்சுப் பாத்தா, கொக்கி உள்பக்கம் மாறியிருக்கு. உங்க தையல். எனக்கு உசிரே வந்துட்டு."

தோசைக் கரண்டி என் கையிலேயே இருந்தது.

"டீச்சருக்குத் தெரிஞ்சுபோச்சு, அத்தைக்குத் தெரியாம பதில் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். தாப்பாள மாத்திருவேன், வந்து தொறந்துருவேன்னு சொல்றீங்கன்னு. தெனம் எடுத்து எடுத்துப் பாப்பேன். மாடிப்படியில யார் ஏறுனாலும் நீங்கதான்னு நெனப்பேன். சனிக்கிழமை உங்க குரலே கேட்டுச்சு, கதவுகிட்ட ஓடி வந்து நின்னேன். நீங்க போயிட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தெரிஞ்சும் ஏன் டீச்சர் இம்புட்டு நாளாச்சு?"

போலீசுக்கு ஏற்பாடு செய்தோம், உன் அப்பாவைத் தேடினோம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். வாய்வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியலை கண்ணு" என்றேன். "நீ தப்பாத் தெச்சுட்டேன்னு நெனச்சேன். திருத்தினேன். அவ்வளவுதான்."

தோசை கருகும் வாசனை வந்தது. அவள்தான் அடுப்பை அணைத்தாள். அதற்குப் பிறகு வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சதுரத்தையே பார்த்தபடி, நான் தைத்த கொக்கியை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். அந்தக் கொக்கியை நம்பித்தான் ஒரு மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதையும் இன்று நான் பிடுங்கிக்கொண்டேன்.

கிளம்புகிற நேரத்தில் சதுரத்தை என்னிடம் நீட்டினாள்.

"எங்க இருந்துச்சோ அங்கயே வச்சுத் தச்சுக் குடுங்க டீச்சர். நான் தச்ச மாதிரியே."

முத்துவேல் ஆட்டோவை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். நான் உட்கார்ந்து பிளேடை எடுத்து என் தையலைப் பிரித்தேன். நூலை நாலாக மடித்தேன். கொக்கியை அறைக்கு வெளியே வைத்துச் சுற்றிச் சுற்றித் தைத்தேன். கண் மறைத்தது, கொக்கி கோணலாகப் போயிற்று. பிரித்து நேராக்கலாமா என்று அவளைப் பார்த்தேன்.

"வேண்டாம்" என்றாள்.

அப்படியே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினாள்.